அலமாரிக்குள் ஒரு விளக்கு

மிளகுக்குக் கோபம் வந்திருந்தது. பெரியம்மா வந்த அன்றைக்கே அதுவும் வந்தது. இரண்டு பேரும் இன்னும் போகவில்லை.

மிளகு என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். ஆள் சின்னவள், காரம் அதிகம்.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. ஊரிலிருந்து விமானம் ஏறி, கடல் தாண்டி, மிளகின் குடும்பம் பிழைக்க வந்திருக்கும் இந்த நாட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார். கூடவே ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் பட்டாணி. பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

வந்தவர்களுக்காக மிளகின் அறை போனது. கட்டில் போனது. ஜன்னலோரம் போனது. மேசை விசிறியும் போனது. மிளகு கூடத்து சோபாவில் படுத்தாள். அவளுக்கே அது குட்டை.

எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். "வந்திருக்கிறவங்கடி. கொஞ்சம் விட்டுக்கொடு."

விட்டுக்கொடுக்க இன்னும் என்ன பாக்கி என்று மிளகு யோசித்தாள். ஒன்று இருந்தது. மேளம்.

அது பள்ளிக்கூடத்து மேளம். தோல் கட்டியது, குச்சியால் தட்டுவது. வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. அணிவகுப்பின் முன்னால் மேளம் தட்டிக்கொண்டு போகப்போவது மிளகு. அவள் தட்டினால்தான் மற்றவர்களுக்குக் கால் எழும்பும். அதற்காக மழை விடுமுறையில்கூடப் பயிற்சிக்குப் போனவள் அவள்.

மேளம் அவளுடைய அறை அலமாரியில் இருந்தது. அந்த அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். ஏசி மெக்கானிக்கான அப்பாதான் மாட்டினார். இந்த நாட்டில் வெயிலும் உண்டு, தினமும் மதியம் மழையும் உண்டு. எதுவும் முழுதாகக் காயாது. உப்பு தண்ணீராகிவிடும். ரொட்டி பச்சையாகிவிடும். போடாமல் வைத்த தோல் செருப்புக்குத் தாடி முளைக்கும். பல்பின் சூடு இருந்தால் அலமாரி காய்ந்திருக்கும். அதனால் நல்ல துணி, செருப்பு, மேளம் எல்லாம் அந்த ஓர் அலமாரியில்தான்.

புதன்கிழமை காலையில் மிளகு மேளத்தை எடுத்துத் தட்டினாள்.

'டம்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டது. நனைந்த தலையணையைத் தட்டியதுபோல.

மிளகு பட்டாணியைத் தேடிப் பிடித்தாள். அவன் கட்டிலில், அவளுடைய கட்டிலில், கால் ஆட்டிக்கொண்டிருந்தான். மேளத்தை அடித்தாயா என்று கேட்டாள்.

"அடிக்கல. தடவிப் பார்த்தேன்."

"தடவினா இப்படி ஆகுமா?"

"எனக்கென்ன தெரியும்? அது உன் மேளம்."

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். யார் சொல்வது சரி என்று கேட்கவில்லை. சின்னப் பையன், வந்திருக்கிற பையன், விடு என்றாள். விடு, விடு, விடு. வந்தவர்களுக்கு மட்டும்தான் நியாயமா, இருக்கிறவர்களுக்குக் கிடையாதா என்று கேட்க மிளகின் வாய் துடித்தது. பள்ளி வண்டி வந்துவிட்டது.

பள்ளியில் வாத்திய மாஸ்டர் மேளத்தின் தோலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். யாரும் அடித்துக் கெடுக்கவில்லை என்றார். தோல் ஈரம் குடித்திருக்கிறதாம். காய்ந்த இடத்தில் வைத்தால் சரியாகிவிடுமாம்.

"வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா நீ பின்வரிசை. ஜால்ரா."

மிளகுக்கு அழுகை வரவில்லை. ஈரம் எப்படி வந்தது என்ற யோசனைதான் வந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். இருட்டு. பல்பு போய்விட்டதா? சுவிட்சைத் தட்டினாள். எரிந்தது. மேளத்தை பல்புக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு மறுபடியும் திறந்தாள். மறுபடியும் இருட்டு.

போட்டாள். இந்தத் தடவை அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்தார். மேசை விசிறியை அணைத்தார். அலமாரிக் கதவின் இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். திறந்தார். டக்.

"கரண்டு என்ன சும்மாவா வருது? பாவம் என் தங்கச்சி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

மிளகு நேராக அடுப்படிக்குப் போனாள். அம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை. அம்மா போய்ப் போடுவாளாம், பெரியம்மா போய் அணைப்பாராம். வந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறதாம்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"அக்காகிட்ட எப்படிடி சொல்றது? நமக்கு மிச்சம் பண்ணித் தர்றோம்னு சந்தோஷப்படுறா. குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அதுக்கு என் மேளம் தண்ணி குடிக்கணுமா?"

அம்மா பாத்திரத்தைக் கழுவினாள். அது ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

சரி, நானே சொல்கிறேன் என்று கிளம்பினாள் மிளகு. எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது, அப்பாவும் வந்த பிறகு, பட்டென்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டு விளக்கை அணைக்க நீங்கள் யார்? வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே மேளத்தை எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

புளித்த ஈர வாடை அடித்தது. மேளத்திலிருந்து இல்லை. கீழ்த்தட்டில் பெரியம்மாவின் துணிப்பை. வாயைத் திறந்து பார்த்தாள். மேலே ஊதா நிறப் பட்டுப்புடவை. வெள்ளிக்கிழமை மிளகின் அணிவகுப்பைப் பார்க்க இதைத்தான் கட்டுவேன் என்று வந்த அன்றே எடுத்துக் காட்டிய புடவை. அதன் மடிப்பு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் புள்ளிகள். பூசணம்.

நன்றாக வேண்டும் என்று முதலில் தோன்றியது. கூடத்துக்கு எடுத்துப்போய் விரித்துக் காட்டினால் போதும். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

புடவையைக் கையில் எடுத்தாள். கூடத்தில் பெரியம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. பகலில் எரிந்த இரண்டு விளக்குகளை அணைத்ததை, அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிளகு புடவையைக் கட்டிலில் வைத்தாள். வாசலில் நின்று, "பெரியம்மா, கொஞ்சம் வாங்களேன்," என்றாள். அவர் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

முதலில் மேளத்தை நீட்டினாள். "தட்டுங்க."

பெரியம்மா தட்டினார். தொப்.

"ஏன் இப்படிக் கேக்குது?"

"ஈரம். இந்த ஊர்ல எல்லாம் ஈரம் குடிக்கும் பெரியம்மா. அலமாரி லைட்டு வெளிச்சத்துக்கு இல்ல. சூட்டுக்கு."

பெரியம்மா அலமாரியைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். ஊரில் துணியைப் பிழிந்து உதறுவதற்குள் காய்ந்துவிடும். துணிக்கு விளக்குப் போட்டுக் காயவைக்கும் வீட்டை அவர் கண்டதில்லை.

பிறகு மிளகு புடவையின் மடிப்பைக் காட்டினாள். பெரியம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"வெளிய சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. துடைச்சாப் போயிடும். என் ஷூவுக்கு எத்தனை தடவை துடைச்சிருக்கேன்."

இருவரும் தரையில் உட்கார்ந்து, உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்கப் பெரியம்மாவுக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல பாரு உங்கம்மா. வாயில என்ன பூட்டா? நானும் அணைக்கிறேன், அவளும் போடுறா. நான் வேற சுவிட்சுல கோளாறுன்னு நினைச்சேன்."

மிளகு சிரித்துவிட்டாள். தனக்கு வந்த அதே கோபம் இன்னொருவருக்கும் வருவதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

புடவையை விரித்துத் தொங்கவிட்டார்கள். மேளத்தை பல்புக்கு எதிரே நிறுத்தினார்கள். சுவிட்சைப் போட்டது பெரியம்மா.

மிளகுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. வியாழக்கிழமை மாலை பட்டாணியைக் கூப்பிட்டுக் குச்சியைக் கையில் கொடுத்தாள். நீதான் முதலில் தட்ட வேண்டும் என்றாள். அவன் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தான். தட்டினான்.

டம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"தடவத்தான் செஞ்சேன்னு அப்பவே சொன்னேன்ல," என்றான். மிளகு ஒப்புக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மிளகு முன்னால் நடந்தாள். சத்தம் மைதானத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பியது. பெற்றோர் வரிசையில் ஊதாப் பட்டு ஒன்று எழுந்து நின்றது. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று யாரோ சொன்னதற்கு, அது எங்கள் வீட்டுப் பிள்ளை, நின்றுதான் பார்ப்பேன் என்று அது சண்டை போட்டதாக அம்மா பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் பெரியம்மாவும் பட்டாணியும் ஊருக்குப் போனார்கள். அறை திரும்பி வந்தது. கட்டில், ஜன்னலோரம், விசிறி எல்லாம் வந்தன. அப்பா அலமாரியைத் துடைக்க விளக்கை அணைத்தபோது தொலைபேசி அடித்தது. மிளகு எடுத்தாள்.

பெரியம்மா நலம் விசாரிக்கவில்லை.

"லைட்டு எரியுதா?"

மிளகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவசரமாகச் சுவிட்சைப் போட்டார்.

"எரியுது பெரியம்மா."