நீளமான பெயர்... நின்றுபோன மூச்சு!

"ஐயோ... செத்துப்போச்சு!"

பாண்டி பஜார் மாடி ஆபீஸே அதிர்ந்தது!

புரோகிராமர் ஹம்சினி, காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

முதலாளி ராஜகோபாலன் தலையில் கைவைத்து நின்றார். எதிரே பிணம்... உறைந்த திரையோடு ஒரு கம்ப்யூட்டர்! இந்த வாரம் பூராவும் காலையில் இதே சாவு.

"மத்யானம் பேங்க்லேர்ந்து பார்க்க வரா! நாம எழுதின கெர்னல்தான் எல்லா புரோகிராமையும் மேய்க்கறது, மெஷினுக்கே உயிர்நாடி... அதுல காப்பி பண்ற பகுதி இந்த சுஹாஸ் கைவேலை. இன்னியோட அவன் ஆத்துக்குப் போகலாம்!"

மூலையில் சுஹாஸ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

ஹம்சினிக்குச் சுருக்கென்றது. அவனைப் பிடிக்குமா என்று கேட்டால் சத்தியம் பண்ணி மறுப்பாள்... அது வேறு விஷயம்!

"இருங்கோ சார். சுஹாஸ், உன் பகுதி என்ன பண்ணும்?"

"வெளி புரோகிராம் வந்து, 'ஃபைல் பேர் இந்த அட்ரஸ்ல இருக்கு, எடுத்துக்கோ'ங்கும். கெர்னல் எழுத்தெழுத்தா காப்பி பண்ணிண்டு வந்து தன் இடத்துல வச்சுக்கும்."

"அட்ரஸே பொய்யா இருந்தா?"

"செக் பண்றேன். யாரையும் நம்பறதில்லை!"

"பேர் முடியாம நீண்டுண்டே போனா?"

"லிமிட் வச்சிருக்கேன். தாண்டினா எரர்!"

பக்கத்து மெஷினில் ஹம்சினி அவன் எழுதிய கோடிங்கைத் திறந்தாள். திடுக்கிட்டாள்.

லிமிட் வரியையே காணோம்!

"பார்த்தியா... புளுகறான்!" ராஜகோபாலன் துள்ளினார்.

"நான் எடுக்கலை சார்... சத்தியமா!"

ஹம்சினி மெல்லத் திரும்பினாள்.

"சார்... காலம்பற இந்த மெஷின்ல முதல்ல எதை ஓட்டறேள்?"

"நானா? சுவாமி காரியம்மா! ஸ்ரீராமஜெயம் ஆயிரத்தெட்டு தடவை... அதையே பேரா வச்சு ஒரு ஃபைல் திறப்பேன். அப்பறம்தான் மத்ததெல்லாம்."

"கெர்னல் ஒத்துண்டுதா?"

"எங்க? பேர் நீளம்னு எரர் காட்டித்து! ராம நாமத்தைப் பார்த்து நீளம்னு சொல்லலாமோ? அபச்சாரம்! அந்த வரியை நானே தூக்கிட்..."

வாக்கியம் பாதியில் செத்தது!

ஹம்சினி உறைந்த திரையைக் காட்டினாள்.

"பேர் இடம் பத்தாம வழிஞ்சு, பக்கத்துல இருந்ததை எல்லாம் அழிச்சுடுத்து சார். ஆகக்கூடி, கொலைகாரன்..."

"சொல்லாதேம்மா!"

சுஹாஸ் பாய்ந்து வந்து வரியை மறுபடி சேர்த்து, செத்த மெஷினில் ஏற்றினான். மெஷின் எழுந்து உட்கார்ந்தது. அவனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"வேலை... இருக்குல்ல சார்?"

"இருக்குடா, இருக்கு!" ராஜகோபாலன் பரிதாபமாக ஹம்சினியைப் பார்த்தார். "ஆனா என் ஆயிரத்தெட்டு?"

"நோட்டுல எழுதுங்கோ சார்... அது ஹேங் ஆகாது!"