இணைமானியில் பத்தொன்பது

அரசி கண் விழித்ததுமே மணிக்கட்டில் இருந்த இணைமானி குரல் கொடுத்தது. “இன்றைய பிணைப்பு, பத்தொன்பது.” அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த கணவன் சிபியின் கையிலும் அதே எண்தான். பொள்ளாச்சியில் இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் இப்படித்தான் விடிகிறது. எதிர்வீட்டுப் புது ஜோடிக்குத் தொண்ணூற்றெட்டு. அந்தப் பெருமை தெருமுனை வரை கேட்கும்.

“ஏனுங்க, நேத்து இருபத்தொண்ணு இருந்துச்சே?”

“நேத்து சண்டை போட்டோம். இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கலையே” என்றான் சிபி.

அரசி சிரித்துக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தாள்; சிரிப்பு நின்றது. அன்று பிணைப்புச் சோதனை. அதில் நாற்பதுக்குக் கீழே வந்தால் கல்யாணம் ரத்து. இருவருக்கும் அரசாங்கமே வேறு துணை பார்த்து அனுப்பிவைக்கும். அன்பில்லாத வீட்டில் யாரும் காலந்தள்ளக் கூடாதாம். அடேயப்பா, என்ன ஒரு நல்லெண்ணம்!

எல்லாம் குரங்கால் வந்த வினை. ஒரே துணையோடு வாழும் டிட்டிக் குரங்குகளைப் பார்த்துத்தான் இணைமானியைச் செய்தார்கள். தென் அமெரிக்காவிலிருந்து ஆனைமலைக் காப்பகத்துக்குக் கொண்டுவந்த அந்தக் குரங்குகளுக்குத் தீனி வைப்பதுதான் அரசியின் வேலை. புது ஜோடி வாலோடு வால் பின்னி ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதைப் பார்த்து அவள் ஒரு மாதமாகச் சிபிக்குப் பயிற்சி கொடுத்தாள். வால் இல்லாத குறைக்குக் காலோடு கால் பின்னி உட்கார்ந்தார்கள். சிபிக்குக் காலில் நரம்பு இழுத்துக் குறக்களி பிடித்ததுதான் மிச்சம், எண் ஏறவில்லை. அதே கூண்டில் ஒரு கிழ ஜோடியும் இருந்தது. அதை அவள் யோசிக்கவே இல்லை.

சோதனைக்கூடத்தில் அதிகாரி நறுமுகை இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்தாள். பிரித்துவைத்தால் எவ்வளவு தவிக்கிறார்கள் என்பதுதான் சோதனையாம். கால் பின்னியதெல்லாம் வீண்! அரசி தவிக்கப் பார்த்தாள். முகத்தைச் சோகமாக வைத்துப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிபியின் வழக்கமான தும்மல் கேட்டது. நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

நறுமுகைதான் எழுப்பினாள். “பதினொண்ணுங்க. உங்க கல்யாணம் ரத்தாயிருச்சு. அவரை வால்பாறைக்கு அனுப்பறோம். அங்க ஒருத்தங்க தயாரா இருக்கறாங்க.” இணைமானி கையில் இருக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலோர் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டு நன்றி சொல்வார்கள்.

“வால்பாறைக்கா? எப்ப வருவாரு?”

“வரமாட்டாருங்க.”

தும்மல் கேட்காத வீடு ஒன்று அரசியின் கண்முன் வந்து நின்றது. இணைமானி அலறியது. எழுபது, தொண்ணூறு, அதற்கு மேல் எண்ணே இல்லாமல் வெறும் சிவப்பு. பக்கத்து அறையிலும் அதே சேதியைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்காலி விழும் சத்தம் கேட்டது. “அவ எங்கீங்க? கதவைத் தொறங்க!” என்று சிபி கத்தினான்.

நறுமுகை திகைத்தாள். “இவ்வளவு நேரம் பிரிச்சு வெச்சிருந்தோம். தூங்கினீங்களே?”

“அது பிரிச்சு வெச்சதா? அவருதான் அந்தப் பக்கம் இருந்தாரே!” அரசிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “இருக்கறாருன்னு தெரிஞ்சா எதுக்குங்க கத்தோணும்? எங்க கூண்டுல கெழ ஜோடி ஆளுக்கொரு கிளையிலதான் உக்காந்திருக்கும். ஒண்ணை வைத்தியத்துக்குத் தூக்கிட்டுப் போனப்ப மத்தது தீனியையே தொடலை.” சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு சிபி நொண்டியபடி வந்து நின்றான். குறக்களி இன்னும் விடவில்லை.

“சேதி சொல்றதுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு எண்ணுல பெரிசைத்தான் எடுத்துக்கணும்னு விதி. இதுவரைக்கும் அதுக்கு வேலையே வரலைங்க” என்று நறுமுகை தேர்ச்சி முத்திரையைப் பதித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் தொண்ணூத்தாறு. அவரு டீ குடிக்கப் போனாக்கூட எனக்குப் படபடன்னு வருது. காலையில உங்களுக்கு வந்த பத்தொம்போது எங்களுக்கு எப்பங்க வரும்?”

“அதுக்குள்ளயா? நாங்க அதுக்கு எத்தனை வருசம் பாடாப் பட்டிருக்கோமுங்க” என்றான் சிபி.

திரும்பும் பஸ்ஸில் அரசிக்கு முன்பக்கம் ஜன்னலோரம் கிடைத்தது. சிபி கடைசி வரிசைக்குப் போய்விட்டான். கொஞ்ச தூரம் போனதும் இணைமானி மெல்லச் சொன்னது. “பிணைப்பு, பதினேழு.” பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அரசி கண்ணை மூடிக்கொண்டாள்.