வாழையடிச் சேறு

றிப்னா வந்தபோது சரீப் நோன்புக் களைப்பில் சாய்ந்திருந்தார். முப்பது வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வருகிறார்கள்.

"வாப்பா மவுத்தாகி அஞ்சு நாள். கேன்சர் எண்டு நுரையீரல்ல ஒரு துண்டு வெட்டி எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஒம்பதாம் நாள் ஒரு கால் வீங்கி, திடீரெண்டு மூச்சடைச்சு... ஹமீட் மாமா கொண்டுவந்த கசாயம்தான் அவரைக் கொன்டிச்சு எண்டு உம்மா கதவைப் பூட்டிட்டா. அவ கூடப்பிறந்த மூத்த காக்கா, வாசல்லயே நிக்கிறாரு."

"ஆளைப் புடிச்சாச்சு, சேர்!" என்றான் வாசலில் நின்ற ஓட்டோக்கார றிஸ்வான்.

"நீ ஓட்டோவை எடு."

மருதமுனை வீட்டில் றிப்னாவின் உம்மா முஸ்பிறா, கணவன் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில் இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "பகல்ல சோறு, தண்ணி, குளிசை எல்லாம் வெச்சிட்டு லுஹர் தொழப் போவன். வந்து பார்த்தா கோப்பை வெறும். விடியமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பினா அவரும் வந்து குந்தி நல்லாத் தின்பாரு. எனக்குச் சந்தோசம்."

"வெளிய நடந்தாரா?"

"அறைக்குள்ளதான்."

கசாயப் போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. கட்டிலடியில் இறந்தவரின் செருப்பு; அடியில் காய்ந்த சேறு. வளவு முழுக்க வெள்ளை மணல். குசினித் தண்ணீர் ஓடும் வாழையடி மட்டும்தான் சேறு. சரீப் அங்கே குச்சியால் கிளறினார். சோற்றுப் பருக்கைகள். பாதி கரைந்த குளிசைகள்.

ஹமீடை உள்ளே அழைத்தார்.

"கசாயத்தை அவர் தொடவே இல்ல. பகல்ல வெச்சதெல்லாம் வாழைக்குப் போயிருக்கு. சஹருக்கும் நோன்பு திறக்கையிலயும் மட்டும் தின்டிருக்காரு. நோன்பு புடிச்சிருக்காரு."

"டொக்டர் வேணாமெண்டாரே!" என்றார் ஹமீட்.

"அதான் ஒளிச்சாரு. பகல் முழுக்கத் தண்ணியுமில்ல, மருந்துமில்ல. கால்ல ரெத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறியிருக்கும். மையித்தை அறுத்துச் சோதிக்கல்ல, நான் சத்தியம் பண்ண மாட்டன். இந்த ஒப்பரேசன்ல எல்லாம் ஒழுங்காச் செஞ்சாலும் நூறில ரெண்டு மூணு பேர் தப்புறதில்ல எண்டு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினாங்க?"

"ஓம்," என்றாள் றிப்னா.

திரைக்குப் பின்னாலிருந்து முஸ்பிறா ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார்.

"காக்கா, இரிங்க." பிறகு, தாழ்ந்த குரலில்: "இன்னொரு அகப்பை தின்னுங்க எண்டு ஒவ்வொரு சஹருக்கும் நான்தான் வெச்சன்."

சரீப் தன் செருப்பைத் தேடினார்.

வெளியே றிஸ்வான் கேட்டான்: "அப்ப குத்தவாளி ஆரு, சேர்?"

"ஓட்டோவை எடு."