சக்கரத்தில் கட்டிய சிவப்புத் துணி

முந்நூற்று நாற்பத்தொன்று. முந்நூற்று நாற்பத்திரண்டு.

ஹெப்சி வண்டியின் பின்சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் பாதையோரம் கிடக்கும் எலும்புகள் தெரியும். அவர்களுக்கு முன்னால் இதே வழியில் போன வண்டிகளின் மாடுகள் அவை. சிலவற்றின் கழுத்தில் நுகத்தடிகூட அப்படியே இருந்தது.

சக்கரத்தின் ஆரக்காலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. துணி மேலே வந்தால் ஒரு சுற்று. முந்நூற்று அறுபது சுற்று ஒரு மைல். அப்பா நூல் பிடித்து அளந்து சொன்ன கணக்கு அது. ஒவ்வொரு மைலுக்கும் ஹெப்சி காய்ந்த அவரைக் கொட்டை ஒன்றைப் பையில் போடுவாள். காலையிலிருந்து எட்டுக் கொட்டைகள் சேர்ந்திருந்தன.

"ஹெப்சி, இன்னும் எவ்வளவு தூரம்டி?" வண்டிக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். நான்கு நாளாகக் காய்ச்சல்.

"கொஞ்சம்தாம்மா. பேசாம படு."

அமெரிக்காவின் மிசௌரியில் அவர்களுடைய வயலை இரண்டு வருடம் தொடர்ந்து ஆற்று வெள்ளம் கொண்டுபோனது. மிச்சத்தைக் கடன்காரர் கொண்டுபோனார். மேற்கே ஆரிகானுக்குப் போனால் கணவன் மனைவிக்கு அறுநூற்று நாற்பது ஏக்கர் சும்மா கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் வண்டி கட்டிவிட்டார்கள்.

ஒன்பது வண்டிகளுக்கும் தலைவர் கேப்டன் ப்ராக்டர். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. புறப்பட்ட அன்று கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அவரிடம் குதிரை இருந்தது, சங்கிலி போட்ட கடிகாரம் இருந்தது, வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குரல் இருந்தது.

நேற்று அந்தக் குரலில்தான் புத்தகத்தை வாசித்துக் காட்டினார். பிளந்த பாறையிலிருந்து ஒன்பதாவது மைலில் ஒரு குளம். உவர்மண் கரைந்த காரத் தண்ணீர். மாடு குடித்தால் பிழைக்காது. பன்னிரண்டாவது மைலில் ஊற்று. நல்ல தண்ணீர்.

இன்று காலை பிளந்த பாறையிலிருந்து கிளம்பினார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து மாடுகள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

இப்போது எதிரே ஏதோ பளபளத்தது. தண்ணீர்.

கேப்டன் குதிரையை நிறுத்திக் கடிகாரத்தைத் திறந்தார். "ஆறு மணி நேரம் ஆச்சு. மணிக்கு ரெண்டு மைல். ஆகப் பன்னிரண்டு. நல்ல தண்ணிக்கு வந்துட்டோம். மாட்டை அவுத்து விடுங்க."

ஹெப்சி முன்னால் ஓடினாள். "ஐயா, இன்னும் ஒன்பதே முழுசா ஆகல."

"யாரு சொன்னா?"

"சக்கரம்."

"பாப்பா, என் கடிகாரம் லண்டன்ல செஞ்சது. உன் சக்கரம் எங்க செஞ்சது?"

"எங்க கொட்டகைல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெப்சி விடவில்லை. "வழியில உங்க வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை கழண்டு ஒன்றரை மணி நேரம் நின்னோமே, ஐயா. அப்ப சக்கரம் நின்னுச்சு. உங்க கடிகாரம் நிக்கலையே."

சிரிப்பு நின்றது. ஆனால் கேப்டன் நிற்கவில்லை. "சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டா நாம வண்டி கட்டினோம்?"

அப்பா அவளைப் பார்த்தார். "நிச்சயமாத்தானா?"

நிச்சயம் இல்லை. காலையில் அம்மா முனகியபோது எண்ணிக்கை ஒருமுறை தடுமாறியது. குத்துமதிப்பாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் கணக்கு தப்பு என்றால், நல்ல தண்ணீரை விட்டுவிட்டு மாடுகள் வறண்ட மணலில் விழும். அம்மாவும் அந்த எலும்புகளுக்கு நடுவில் கிடப்பாள்.

அதற்குள், வரிசையில் முதலாவதாக நின்ற அவர்கள் வண்டியின் முன்மாடு டியூக் மூக்கைத் தூக்கியது. தண்ணீர் வாடை. வண்டி குலுங்கி ஓடத் தொடங்கியது. அப்பா கயிற்றைப் பிடித்துத் தொங்கியும் மாடுகள் நிற்கவில்லை.

ஹெப்சி வண்டியோடு ஓடினாள். இறக்கத்தில் சக்கரத்தைப் பூட்டும் சங்கிலி வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியை ஆரக்கால்களுக்கு நடுவே நுழைத்துக் கொக்கியை மாட்டிவிட்டு விலகினாள். சக்கரம் கிறீச்சிட்டு, மணலை உழுது, நின்றது. பாதை இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகும் இடம் அது. பின்னால் வந்த எட்டு வண்டிகளும் நின்றன.

"இது கலகம்," என்றார் கேப்டன்.

ஹெப்சி குளத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒன்று தோன்றியது.

"இல்லைங்க ஐயா. நல்ல தண்ணின்னா தலைவர்தானே முதல்ல குடிக்கணும்? மாடு குடிச்ச அப்புறம் நீங்க குடிச்சா நல்லாவா இருக்கும்?"

இது கேப்டனுக்குப் பிடித்திருந்தது. தொப்பியைக் கழற்றினார். குளத்தங்கரைக்குப் போய் வெள்ளிக் குவளையில் மொண்டார். நம் வருங்காலச் சந்ததி பற்றி நாலு வார்த்தை பேசினார். பிறகு ஒரே மடக்காக வாயில் ஊற்றிக்கொண்டார்.

அவர் கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது. இத்தனை பேர் பார்க்கும்போது துப்புவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு யோசிக்கவில்லை.

"சோப்பு," என்றார், தாடியைத் துடைத்துக்கொண்டு. "இது ஒன்பதாவது மைல். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

மாடுகளின் கண்ணைச் சாக்குத் துணியால் கட்டி, குளத்தைத் தாண்டி இழுத்துப்போவதற்குள் ஆண்களின் உள்ளங்கை உரிந்தது. அதன்பின் ஹெப்சி எண்ணும் சத்தம் மட்டும் கேட்டது. டியூக் இரண்டு முறை முழங்கால் மடங்கி விழுந்து எழுந்தது.

பன்னிரண்டாவது கொட்டை பையில் விழுந்தது. எதிரே மணல். வெறும் மணல்.

ஹெப்சி எண்ணுவதை நிறுத்தினாள்.

"நிறுத்தாத," என்றார் அப்பா. "எண்ணு."

ஒன்று. இரண்டு. பத்து. இருபது. இருபத்து நான்காவது சுற்றில் டியூக் காதை நிமிர்த்தியது. மேட்டுக்கு அப்பால் கொஞ்சம் பச்சை தெரிந்தது. நாணல்.

அம்மா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். "இனிக்குதுடி," என்றாள்.

அன்றைய சோற்றுச் சட்டியில் பன்னிரண்டு அவரைக் கொட்டைகள் கூடுதலாக வெந்தன. கேப்டன் தன் நாட்குறிப்பில் வெகுநேரம் ஏதோ எழுதினார். ஹெப்சியின் பெயர் அதில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் மறுநாள் காலை வண்டிகள் கிளம்பியபோது, கேப்டனுடைய வண்டியின் பின்சக்கரத்தில் அவருடைய பட்டுக் கைக்குட்டை கட்டியிருந்தது.