பூங்கோதையின் தெரு

கலைச்செழியன் அன்று காலையும் ஒரு பொய்த் தெருவைக் கட்டினான். கணினிக் களஞ்சியத்திலிருந்து ஓட்டு வீடுகள், வேப்பமரங்கள், ஒரு கோலம், தூங்கும் நாய். எல்லாம் எப்போதோ எவனோ ஸ்கேன் செய்து வைத்த ஆயத்தப் பொருள்கள். மேலே ‘பொன்மாலை’ ஒளியை ஊற்றினால் வேலை முடிந்தது. அதைப் பார்க்க மெய்நிகர் முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்ட பெரியவர் விம்மினார். “அப்படியே எங்க தெரு தம்பி!”

அவர் தெருவில் வேப்பமரமே கிடையாது. பழைய படங்களைப் பார்த்திருந்த கலைச்செழியன் மனதுக்குள் காறித் துப்பினான்.

கடலூர் கடலுக்குள் போனபின், கரையோரத்து மக்கள் ஜன்னலில்லாத அடுக்குப் பெட்டிகளில் வாழ்ந்தார்கள். இழந்ததற்கு ஈடாக அரசு ஆளுக்கொரு ‘நினைவுத்தெரு’ கொடுத்தது. ஒருவருக்கு ஒன்றுதான். சம்மதம் சொல்லிவிட்டால் ஆயுளுக்கும் மாற்ற முடியாது. அதற்குப் போய் இந்த ஜனங்கள் காலண்டர் படத்தைக் கேட்கிறார்களே என்று அவனுக்கு இளக்காரம்.

அக்கா பூங்கோதையின் முறை வந்தது. களஞ்சியத்தை அவன் தொடவே இல்லை. அவள் வாக்கப்பட்டுப் போன தெருவின் காரை பெயர்ந்த சுவர், தேங்கிய சாக்கடை, கம்பத்தில் எரியாத விளக்கு என்று ஒவ்வொன்றையும் பழைய படங்களைப் பார்த்துக் கையால் செதுக்கினான். அடுத்த வீட்டு டியூப்லைட் வெளிச்சம் வாசலில் கசிவதைச் சரிசெய்யவே பல நாள் ஆனது.

“யாருய்யா சாக்கடை கேட்டா?” என்றார் மேலாளர் தணிகாசலம்.

“உங்களுக்குப் புரியாது சார்.”

கண்ணாடியை மாட்டிய பூங்கோதை அசையாமல் நின்றாள். பிறகு பின்வாங்கினாள். முதுகு சுவரில் இடித்தது.

“நெசமா இருக்குல்லக்கா?”

“இருக்கு. இந்த இருட்டுலதான் உங்க மாமா என்னைத் தெருவுல இழுத்துப் போட்டு அடிப்பாரு. எதுத்த வூட்டு ஜன்னலெல்லாம் சாத்திக்கும். நீ ஹாஸ்டல்ல இருந்தே. உனக்கு என்ன தெரியும்?”

மாமா செத்தபோது அக்கா அழாததை நெஞ்சழுத்தம் என்று நினைத்தவன் அவன்.

“விளக்கை எரிய வச்சிடறேன்க்கா.”

“வேணாம். எல்லாருக்கும் குடுக்கறியே, அதைக் குடு.”

“அது குப்பைக்கா. மொத்தமும் பொய்.”

“அப்ப உன் நெசத்துல நீ போய் குடியிரு.” அவள் குரலில் இருந்த இளக்காரம், அவன் யாரிடமும் காட்டியதைவிடக் கடுமையாக இருந்தது.

அவன் களஞ்சியத்தைத் திறந்தான். அகலமான தெரு, பூத்த மரங்கள், பொன்மாலை. ஒரு மரத்தின் நிழல் தப்பான பக்கம் விழுந்தது. திருத்தக் கை போவதற்குள் பூங்கோதை நடக்கத் தொடங்கியிருந்தாள். வெற்று அறையில் கைகளை வீசி, தோளைத் தளர்த்தி நடந்தாள். அக்கா அப்படி நடந்து அவன் பார்த்ததே இல்லை.

“இது எந்த ஊருடா?”

“எந்த ஊரும் இல்லக்கா.”

“நல்லதாப் போச்சு” என்றாள். “சம்மதம்னு போட்டுக்க.”