தையல்காரரின் மருந்துப் புட்டிகள்

மருந்துக் கடைக்குள் தையல்காரர் நுழைந்தபோது அவர் கையில் ஒரு சட்டை இருந்தது. அதற்கு மூன்று கைகள்!

கடை, வாண்டுவின் அம்மாவுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வாண்டு களுக்கென்று சிரித்துவிட்டாள்.

தையல்காரர் சிரிக்கவில்லை. "ராத்திரி மருந்தைக் காலையில குடிச்சிட்டேன்க்கா. தூங்கிக்கிட்டே தைச்சிருக்கேன். இன்னொரு தடவை தூங்கினா வேலைக்கே வர வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டார்."

வாண்டுவின் சிரிப்பு சட்டென்று அடங்கியது.

அவர் தூர தேசத்துக்காரர். இந்த ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டார். எழுத்துதான் இன்னும் பிடிபடவில்லை. அவர் பையிலிருந்து எடுத்து வைத்த இரண்டு மருந்துப் புட்டிகளும் ஒரே நிறம், ஒரே உயரம். பேனாவால் எழுதி ஒட்டினால், மருந்து வழிந்து அழிந்துவிடுகிறது.

"உங்க எழுத்துலயே லேபிள் அடிச்சுத் தரேன்," என்றாள் அம்மா.

'காலை', 'இரவு' என்ற சொற்களைத் தையல்காரர் தம் போனிலிருந்து அனுப்பினார். கணினித் திரையில் எழுத்துகள் அழகாக வந்தன. லேபிள் மெஷின் கிர்ரென்று துப்பியதோ வெறும் கட்டங்கள்!

"ஜன்னல் ஜன்னலா அடிக்குதே!" என்று தலையில் கைவைத்தார், கடையில் உதவிக்கு இருந்த வாண்டுவின் மாமா. "தம்பியோட எழுத்து இதுக்குத் தெரியாது. புது மெஷின்தான் வாங்கணும்."

"பரவாயில்லண்ணே." தையல்காரர் சட்டையை மடிக்கத் தொடங்கினார். முகம் வாடியிருந்தது.

வாண்டு அந்த வீணான லேபிளை எடுத்துப் பார்த்தாள். கட்டங்களுக்கு மேலே, கடையின் அடையாளமான இலை மட்டும் நரம்பு உட்படப் பளிச்சென்று இருந்தது.

"மாமா, இலையை மட்டும் எப்படி அடிக்குது?"

"அது படம்டி. எழுத்தில்லையே."

"அப்போ இவரோட எழுத்தையும் படமாவே குடுத்துடலாமே!"

மாமாவின் வாய் திறந்தது. மூட மறந்துவிட்டது.

வாண்டு வெள்ளைத்தாளை நீட்டினாள். "பெரிசா எழுதுங்கண்ணா." அவர் எழுதியதைப் போனில் படம் பிடித்தாள். அம்மா அதைக் கணினியில் ஏற்றினாள். கிர்ர்ர்!

தையல்காரர் லேபிளை வாங்கினார். தலையை ஒருபக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார்.

"ஐயோ, மறுபடியும் தூக்கமா?" பதறினார் மாமா.

"இல்லண்ணே, என் எழுத்து தலைகீழா நிக்குது!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். படத்தைத் திருப்பி அடித்து, புட்டிகளில் ஒட்டினார்கள். அம்மா புட்டிகளை முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து, ஒன்றை நீட்டினாள்.

"இது எப்போ குடிக்கணும்?"

"இரவு!"

"இது?"

"காலை!" பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கத்தினார் தையல்காரர். பிறகு லேபிளை மெல்ல விரலால் தடவினார். "இந்த ஊர்ல நான் படிச்ச முதல் எழுத்து, பாப்பா. ஆண்டவன் உன்னை நல்லா வைக்கணும்."

மருந்துக்காகக் காத்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "எங்க எழுத்தும் வேறதான். எனக்கும் அடிச்சுத் தருவீங்களா?"

அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கை உயர்ந்தது. அதற்கும் பின்னால் இன்னொன்று.

வாண்டு முக்காலி மேல் ஏறி நின்றாள்.

"எல்லாருக்கும் உண்டு! வரிசையில வாங்க!"