சந்தனம் குடித்த மேசை

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. அரிவாள்மணை, அம்மாவின் தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள், என் ஜாமெட்ரி பாக்ஸ் என்று எதையும் விட மாட்டேன். ஒரு வருஷம் சைக்கிள் பம்புக்கு மட்டும் மூன்று பொட்டு வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

பொட்டு வைக்க அதிகப் பொருள் இருந்தது அப்பாவின் கொட்டகையில்தான். அப்பா ஆபீசில் குமாஸ்தா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். அங்கே இரும்பைச் செதுக்கும் சின்ன மில்லிங் மிஷின் ஒன்று உண்டு. அதன்மேல் வைத்துப் பூட்ட ஒரு ரோட்டரி டேபிளும் உண்டு. மேசை என்று பெயர்தானே தவிர, தோசைக்கல் அளவுக்கு வட்டமான இரும்புப் பலகை அது. பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் பலகை மெதுவாகத் திரும்பும். அதில் ஒரு சக்கரத்தைப் பொருத்தினால், சுற்றிலும் அளவு பிசகாமல் துளை போடலாம்.

அப்பாவும் அவருடைய சிநேகிதர் துரைராஜ் மாமாவும் சேர்ந்து ஒரு குட்டி நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார்கள். என் டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும் அளவு. மாமாவுக்கு வீடு பட்டினப்பாக்கம். ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். அப்பா புத்தகம் பார்த்துக் கற்றதையெல்லாம் மாமா கையாலேயே கற்றிருந்தார்.

"இன்ஜின் ரெடியாச்சுன்னா பாப்பாதான் நெருப்பு பத்த வெக்கணும். நாங்க ரெண்டு பேரும் கையக் கட்டிக்கினு நிப்போம்" என்று மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம், 1975-இல், எனக்குப் பத்து வயது. பொட்டு வைக்கும்போது ரோட்டரி டேபிளின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழி கண்ணில் பட்டது. பொட்டு வைப்பதற்கென்றே குழி வைத்துச் செய்திருக்கிறார்களே, நல்ல கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குழியில் சந்தனம் வைத்தேன். உள்ளே போய்விட்டது. பன்னீர் விட்டுக் குழைத்து இன்னும் கொஞ்சம் வைத்தேன். அதுவும் போயிற்று. மேசைக்கு நல்ல பசி போலிருக்கிறது. ஐந்தாவது முறைதான் குழி நிரம்பியது. அதன்மேல் குங்குமம் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் மாமா வந்து, பட்டறையில் ஒரு வேலைக்கு வேண்டும் என்று டேபிளை இரவல் கேட்டார். அப்பா பொட்டையெல்லாம் துணியால் துடைத்தார். கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வெண்ணெய் போல ஓடியது. கோணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்பா கைப்பிடியைச் சுற்றினார். அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கியபோது கறுக்கென்று சத்தம் போட்டுக் கொஞ்சம் நகர்ந்தது.

"என்ன பண்ணீங்க துரைராஜ்?"

"ஒண்ணும் பண்ல சார். எங்க மிஷின்ல மோட்டாரு எரிஞ்சி பூட்ச்சி, வேலையே நடக்கல. கட்டின கோணிய நான் அவுக்கவே இல்ல."

"கொடுக்கும்போது ஒத்தை விரலால சுத்தினேன். கோணிக்குள்ள இருந்தே தானா இறுகிடுச்சா? சுத்தியல வெச்சு அடிச்சீங்களா? பட்டறையில எல்லாத்தையும் அடிச்சுத்தானே பழக்கம்?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "பதினெட்டு வருசமா மிஷின் முன்னாடி நிக்கிறவன் சார் நானு" என்று மட்டும் சொன்னார். அம்மா கொண்டுவந்த காப்பி ஸ்டூல் மேலேயே ஆறிப்போனது.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாமே டேபிளைச் சரிசெய்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா? புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எதில் எண்ணெய் விடுவது என்று தேடினேன். அந்தக் குழியைத் தவிர வேறு இடமே இல்லை.

எண்ணெயை விட்டேன். அது உள்ளே இறங்காமல் குழியின் வாயிலேயே தேங்கி நின்றது. தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினேன். மஞ்சளாய்ப் பொடி வந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

அது பொட்டுக்குழி இல்லை, எண்ணெய் விடுகிற துளை. நான் ஊட்டிய சந்தனம் ஈரமாக இருந்தவரை கைப்பிடி சுற்றியது; பிறகு கோணிக்குள்ளேயே காய்ந்து இறுகியிருக்கிறது. திட்டு வாங்கியதோ துரைராஜ் மாமா.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு காலை, பொடியை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போய் அப்பாவிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா திட்டவில்லை. காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். குனிந்து அந்தத் துளையைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"பாவம், என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்றார் கடைசியில்.

"மாமா வீட்டுக்குப் போலாம்பா."

"எந்த முகத்தோட போறது சீதா? அடுத்த வாரம் பார்க்கலாம்."

"நானும் அடுத்த வாரம்னு சொல்லிட்டுத்தான்பா சும்மா இருந்தேன்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மாமா வீட்டு வாசலில் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு மூட்டைகளும் கட்டித் தயாராக இருந்தன. தேவானை அத்தை பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓசூர்ல வேலை கெடச்சிக்கீது சார். நாளைக்கி காலைல கெளம்புறோம்" என்றார் மாமா. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

நான் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன். "நான்தான் மாமா. அந்தக் குழியில அஞ்சு தடவை சந்தனம் வெச்சேன்."

மாமா பொடியைத் தொட்டுப் பார்த்தார். மீசைக்குக் கீழே சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. "இன்னா பாப்பா, பூஜை போட்டு மிஷினையே படுக்க வெச்சிட்டியே."

"துரைராஜ், நான் பேசினது தப்பு" என்றார் அப்பா. "கோணியை அவுக்கவே இல்லைன்னு நீங்க சொன்னதும் நம்பியிருக்கணும்."

"வேற யாரானா சொல்லியிருந்தா போடான்னு போயிருப்பேன் சார். நீங்க சொல்லிட்டீங்களேன்னுதான் மனசு கேக்கல." மாமா காகிதத்தை மடித்து என் கையில் வைத்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "தேவானை, நீ கட்டிக்கினு இரு. நான் போய்ட்டு சாயங்காலமா வந்துட்றேன்."

அன்று மத்தியானம் கொட்டகையில் டேபிளை முழுதாகக் கழற்றினார்கள். உள்ளே திருகுத் தண்டின் மரைகளில் மஞ்சள் களிம்பு அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொடுத்து என்னைத் தேய்க்கச் சொன்னார் மாமா. கொட்டகையில் மண்ணெண்ணெயும் சந்தனமும் கலந்து விநோதமான வாசனை அடித்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டினோம். நான் சுண்டுவிரலால் கைப்பிடியைச் சுற்றினேன். ஓடியது.

பொழுது சாய்வதற்குள் இன்ஜின் சக்கரத்துக்கு ஆறு துளை போட்டு முடித்தார்கள். அதற்குமேல் நேரம் இல்லை. வீணாய்ப் போன அந்த இரண்டு ஞாயிறும் இருந்திருந்தால் இன்ஜினையே முடித்திருக்கலாம். மூன்று பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது மாமா ஒரு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். எண்ணெய்த் துளைக்கு நாலு விரல் தள்ளி, டேபிளின் உடம்பில் டொக் டொக்கென்று தட்டிச் சின்னதாக ஒரு பள்ளம் செய்தார்.

"பாத்தீங்களா சார், சுத்தியல வெச்சு அடிச்சிட்டேன்" என்றார். அப்பா சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"பாப்பா, அந்தத் தொளை எண்ணெய்க்கு. இது உன் பொட்டுக்கு."

பொங்கல் லீவில் இன்ஜின் தயாரானது. நான்தான் நெருப்பு வைத்தேன். சக்கரம் குபுகுபுவென்று ஓடியது. அப்பா மட்டும் தனியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. அன்றே ஓசூருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டோம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமா செய்துகொடுத்த பள்ளத்தில் சந்தனம் வைத்தேன். ஒரு துளிதான். முதல் முறையிலேயே நிரம்பிவிட்டது.